கஃபானா டன்

மார்ச் 11, செவ்வாய்

இயக்குநர் வெலிமிர் இன்று என் அறைக்குத் தாமே வந்தார். ஆள் விட்டுக் கூப்பிட்டால் சாதாரண விஷயம். தாமே வந்தால் கெட்ட விஷயம். கையில் என் கட்டுரை. நாலாவது அத்தியாயத்தின் ஓரம் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டி, கட்டுரைக்கு அந்த இடத்தில் மட்டும் இறகு முளைத்த மாதிரி இருந்தது.

எங்கள் வேளாண் ஆய்வு நிறுவனம் ராஸ்பெர்ரி விளைச்சலுக்கு முன்மதிப்பீடு வெளியிட ஆரம்பித்து இந்தக் கோடையோடு இருபது வருஷம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். 'நம் மதிப்பீடு எவ்வளவு துல்லியம்' என்று எழுதித் தரும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். வாழ்த்துப்பா எதிர்பார்த்திருக்கிறார்கள் என்று இப்போது புரிகிறது. நான் அசடு மாதிரி, நாங்கள் சொன்ன கணக்கையும் குளிர்பதனக் கிடங்குகளுக்கு வந்து சேர்ந்த கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். இருபது வருஷமும் நாங்கள் சொன்னது அதிகம். வந்தது குறைவு.

"எந்த மதிப்பீட்டுலயும் பிழை இருக்கத்தான் செய்யும், ஸாகோர்கா."

"இருக்கும் சார். ஆனா பிழைன்னா சில வருஷம் இந்தப் பக்கம் சாயும், சில வருஷம் அந்தப் பக்கம் சாயும். இது குடிச்சவன் நடை இல்ல. ஆபீசுக்குப் போறவன் நடை. நேரா ஒரே பக்கமா போகுது."

ஜன்னல் வழியாகப் பெல்கிரேடு எப்படி இருக்கிறது என்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நாலாவது அத்தியாயத்தைப் பின்னிணைப்பா போட்டுடலாமே? அங்கயும் அச்சுதானே?" என்றார்.

யோசிக்கிறேன் என்றேன்.

மார்ச் 12

யோசிக்கவில்லை. பின்னிணைப்பு என்பது, யாரும் படிக்கக் கூடாது என்று அச்சிடப்படும் பகுதி. முடியாது.

மார்ச் 15, சனி

அந்த அத்தியாயத்தில் என்னதான் இருக்கிறது என்று எனக்கு நானே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். நாளை நாலு பேர் முன்னால் கேட்டால் குரல் உயராமல் சொல்ல வேண்டும் அல்லவா?

ராஸ்பெர்ரி காத்திருக்காது. காலையில் பறித்தது சாயங்காலம் கிடங்குக்குள் போகவில்லை என்றால் மறுநாள் அது ஜாம். அதனால் எங்கள் மலைக்காரர்கள் விலை தெரியாமலேயே பழத்தைக் கொடுத்துவிடுவார்கள். உலகத்தில் சட்டையை, செருப்பை, பல் பிடுங்குவதை எல்லாம் விலை கேட்டுத்தான் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. எங்கள் ஊரில் பழத்தை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய், வாங்கினவர் என்ன சொல்வாரோ என்று காத்திருப்பார்கள். அவர் முதலில் ஒரு முன்விலை சொல்வார். ஜூலையில் பேதுரு திருநாளை ஒட்டி முடிவான விலை. முன்விலையைச் சொல்லும்போது அவர் கையில் ஒரே ஒரு தாள் இருக்கும். அது ஜூன் முதல் வாரம் நாங்கள் வெளியிடும் மதிப்பீடு. "அமோக விளைச்சல், நிறுவனமே சொல்லிட்டாங்க" என்பார். விலை இறங்கும்.

சரி, எங்கள் மதிப்பீடு எங்கிருந்து வருகிறது? மே மாதம் எங்கள் கள அலுவலர் ஸ்ரேதென் ஊர் ஊராகப் போவார். வயலுக்கு அல்ல, ஊர்க் கஃபானாவுக்கு. காபியும் பிளம் பிராந்தியும் ஒரே தட்டில் வரும் அந்த இடத்தில் விவசாயிகள் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். இந்த வருஷம் ஹெக்டேருக்கு எத்தனை டன் எதிர்பார்க்கிறீர்கள் என்று ஸ்ரேதென் வரிசையாகக் கேட்பார். முதல் ஆள் பத்து என்பார். பக்கத்து நிலத்துக்காரன் பத்து என்று சொன்ன பிறகு ஒன்பது என்று சொல்லும் ஆம்பிளை எங்கள் பள்ளத்தாக்கில் இன்னும் பிறக்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று அது மேசையைச் சுற்றி வளர்ந்துகொண்டே வரும்.

போன மே மாதம் ஸ்ரேதெனோடு நானும் போய் உட்கார்ந்தேன். மறுவாரம் அதே ஆட்களை அவரவர் வயலில் தனியாகப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டேன். கஃபானாவில் பதினைந்து சொன்னவர் வயலில் ஒன்பது சொன்னார். அந்த ஆறு டன்னுக்கு அத்தியாயத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறேன்: கஃபானா டன். அது எந்த வயலிலும் விளையாது, யாரும் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் சந்தையில் வந்து நின்று விலையை இறக்கும்.

பதினைந்து சொன்னவர் என் அண்ணன் ஓப்ராத்.

"ஏன் அண்ணே அங்க பதினஞ்சு சொன்ன?"

"பக்கத்து நிலத்து விதோயே பதினாலுன்னான். நீயும்தான் கேட்டியே."

"உன் நிலத்துல எவ்வளவு வரும்னுதானே கேட்டாங்க?"

"அதுக்கென்ன? அதான் இப்ப சொல்றேனே, ஒம்போது."

"அப்ப பதினஞ்சு?"

"அது விதோயேவுக்கு."

மார்ச் 27

கேன்டீனில் ஸ்ரேதென் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். சூப்பை முடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"என்னைப் பத்தி எழுதிட்டீங்களாமே."

"உங்களைப் பத்தி இல்ல, அண்ணே. முறையைப் பத்தி."

"முறையா? மதிப்பீடு வெளியிட ஆரம்பிக்கறதுக்கு முந்தி, சோதனையா ரெண்டு வருஷம் வயல் வயலாத்தான் ஏறி இறங்கினேன். அப்புறம் பெட்ரோல் காசை வெட்டினாங்க. ஊருக்கு ஒரு இடத்துல நிறுத்துன்னாங்க. எல்லாரும் ஒண்ணா உக்கார்ற ஒரே இடம் எது? கோவில்ல கேட்கவா? அங்க கேட்டிருந்தா கொஞ்சமாவது உண்மை சொல்லியிருப்பானுங்க." ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்தார். "அவனவன் சொன்னதை எழுதினேன். நான் என்ன தராசா?"

இதை அப்படியே அத்தியாயத்தில் சேர்த்துவிட்டேன். அவர் பெயர் இல்லாமல். பெட்ரோலோடு.

ஏப்ரல் 8

ஆலோசனைக் குழுவின் மதிய விருந்து. ஆட்டுக்கறி. குழுவில் மிலிசாவ் என்பவரும் உண்டு. என் சொந்த ஊரான விஷ்னேவாவில் இருக்கும் ஒரே குளிர்பதனக் கிடங்கு அவருடையது. மலரின் அச்சுச் செலவையும் அவரே ஏற்றுக்கொண்டிருப்பதாக இன்றுதான் அறிந்தேன். அறிவியலின்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

"டாக்டரம்மா, விலையை நானா வைக்கிறேன்? உலகச் சந்தை வைக்குது. நான் வெறும் தபால்காரன்."

"தபால்காரர் கடுதாசியைத் தானே எழுதிக் கொண்டுவந்து கொடுக்கறதில்லையே."

வெலிமிர் உடனே எழுந்து ஆட்டுக்கறியைப் பாராட்டி ஒரு வாழ்த்துரை சொன்னார். எல்லோரும் கோப்பையை உயர்த்தினோம். செத்த ஆட்டுக்கு இவ்வளவு மரியாதை நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 16

பின்னிணைப்பு இப்போது அடிக்குறிப்பாகிவிட்டது. வெலிமிரின் திருத்தம் மின்னஞ்சலில் வந்தது: 'சில ஆண்டுகளில் மதிப்பீட்டுக்கும் வரவுக்கும் சிறு வேறுபாடு காணப்பட்டது. இது மேலும் ஆராயத்தக்கது.'

இருபது ஆண்டு, 'சில ஆண்டு' ஆகிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு இல்லாத பழம், 'சிறு வேறுபாடு' ஆகிவிட்டது. மேலும் ஆராயத்தக்கது — ஆராய்ந்து முடித்தவளிடமே!

பதில் ஒரு வரி அனுப்பினேன்: அத்தியாயம் முழுசாகப் போகும், இல்லையென்றால் என் பெயர் போகாது.

மே 6, செவ்வாய்

புனித ஜார்ஜ் திருநாள். விஷ்னேவாவில், அண்ணன் வீட்டில். அண்ணி ரூஷா அடுக்கடுக்காகப் பலகாரம் வைத்துக்கொண்டே இருந்தாள். வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட நானே சொல்வது நல்லது என்று அத்தியாயத்தைப் பற்றிச் சொன்னேன்.

அண்ணன் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"என் பேரைப் போட்டியா?"

"இல்ல. 'ஏழாம் எண் விவசாயி'ன்னுதான் இருக்கு."

"விஷ்னேவாவுல பதினஞ்சு சொல்ற ஒரே ஆள் நான்தான்னு இங்க கன்னுக்குட்டிக்குக்கூடத் தெரியுமே, ஸாகா! ஏழாம் எண்ணாம்! எண்ணைப் போட்டா மூஞ்சி மறைஞ்சிடுமா?"

அலமாரியில் அவருடைய கோப்பை. ராஸ்பெர்ரித் திருவிழாவில் அதிக விளைச்சலுக்கு வாங்கியது. அதைக் காட்டினார். "இது என்ன பொய்யா?"

"அதுக்கும் நீதான் எண்ணிக்கை சொன்ன. யாரும் நிறுத்துப் பார்க்கலையே அண்ணே."

"அதுல நான் பூண்டு போட்டு வைக்கிறேன்," என்றாள் ரூஷா. "காத்தோட்டமா இருக்கு."

அண்ணன் எழுந்து வயலுக்குப் போய்விட்டார். திருநாளன்று. ரூஷா கதவைப் பார்த்தபடி சொன்னாள்: "போன வருஷம் ஜூலையில இந்த மனுஷன் சாயங்காலம் பூரா கிடங்கு வாசல்ல நின்னுட்டு வந்து, 'உலகச் சந்தை விழுந்துடுச்சுடி'ன்னு அழுதார். அவர் வாயிலதான் அது விழுந்துச்சுன்னு இப்பதான் தெரியுது. சொல்லு நீ. விடாதே."

மே 12

இன்று வெலிமிர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். சாதாரண விஷயம் என்று போனேன். ஜூன் மாதம் என் பதவியின் மறுதேர்வு வருகிறதாம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வருவதுதான். எனக்கே நினைவில்லாததை அவர் நினைவில் வைத்திருக்கிறார்.

"குழுவுல நம்ம மேல எல்லாருக்கும் நல்ல எண்ணம் இருக்கணும் பாருங்க. அடிக்குறிப்புக்கு ஒரு கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது."

"எனக்கு நாப்பத்தெட்டு வயசு சார். இத்தனை வருஷத்துல நான் எழுதின ஒரே உருப்படியான விஷயம் அந்த அத்தியாயம். மத்ததெல்லாம் உங்க வாழ்த்துரையோட வந்தது. அதனாலயே அதுல ஒண்ணும் இருக்காது."

"இது வீம்பு, ஸாகோர்கா."

"ஆமா சார். எங்க பக்கத்துல அதுவும் நல்லா விளையும். அதுக்கு மட்டும் யாரும் மதிப்பீடு போட்டதில்ல."

வெளியே வந்து, மாடிப்படியிலேயே பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன்.

மே 21, புதன்

எல்லாம் நாசம். நானே செய்த நாசம்.

இன்று ஸ்ரேதென் விஷ்னேவாவுக்குக் கணக்கெடுக்க வரும் நாள். இந்த ஒருமுறையாவது வயலில் கேட்கலாம் என்று நிறுவனத்திடம் எழுதிக் கேட்டிருந்தேன். 'நிதி வசதி இல்லை.' சரி, அவர்களிடமே சொல்லிவிடுவது என்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். கஃபானாவில் மேசை நிறைந்திருந்தது. அண்ணன் மூலையில். எழுந்து நின்று நாலாவது அத்தியாயத்தைப் படித்தேன். முழுசாக. நடுவில் யாரும் பேசவில்லை, அதையும் நல்ல அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன் பார்!

முடித்ததும் விதோயே எழுந்தார். அண்ணனுக்கு வேலி ஒட்டிய நிலம், பள்ளிக்கூட நாளிலிருந்து எதிரி, அதனாலேயே பிரியாதவர்.

"டாக்டரம்மா, சுத்தி வளைக்காதீங்க. நாங்க பொய்யனுங்க. அப்படித்தானே?"

"இல்ல அண்ணே, ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் சொல்லும்போது எண்ணிக்கை தானா ஏறுதுன்னுதான் —"

"ஏறுது! எங்க நிலம் ஏறுது, உனக்கென்ன?" இது வேறொருவர்.

"பெல்கிரேடுல இருந்து ரயிலேறி வந்து எங்க வயலை ஒம்போதாக் குறைச்சுட்டுப் போறா பாரு!"

"எழுதுடா ஸ்ரேதென்!" விதோயே மேசையைத் தட்டினார். "விதோயே, பதினேழு!"

பதினேழு! அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. அடுத்தவர் பதினாறு. அதற்கடுத்தவர் பதினாறரை. அண்ணன் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. விதோயேவையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்: "பதினெட்டு."

கைதட்டல். கஃபானாக்காரர் எல்லோருக்கும் ஒரு சுற்று ஊற்றினார். எனக்கும் ஊற்றினார். குடித்தேன்.

இருபது வருஷத்தில் இதுவரை இல்லாத மதிப்பீட்டை என் அத்தியாயமே உண்டாக்கியிருக்கிறது. கஃபானா டன்னைக் கண்டுபிடித்தவள் நான். அதிகம் விளைவித்தவளும் நான்.

மே 22

ஆனாலும் அத்தியாயம் சரி. அவர்களே நேற்று நிரூபித்தார்கள்.

ஜூன் 4

வெலிமிர் தொலைக்காட்சியில். நீலக் கழுத்துப்பட்டை. 'வரலாறு காணாத விளைச்சல்.' விஷ்னேவாவின் பெயரைத் தனியாகச் சொன்னார். சாயங்காலமே மிலிசாவ் முன்விலை அறிவித்துவிட்டார். போன வருஷத்தில் பாதி.

ஜூன் 10

மலர் வந்துவிட்டது. தடித்த அட்டை. என் பெயர் இல்லை, அது சரி. நாலாவது அத்தியாயம் இல்லை, அதுவும் எதிர்பார்த்ததே. ஆனால் எடுத்தவர்கள் அவசரத்தில் எண்ணை மாற்ற மறந்துவிட்டார்கள். மூன்றுக்குப் பிறகு நேராக ஐந்து.

என் எழுத்து இவ்வளவு கவனத்தை ஈர்த்ததில்லை. நோவி ஸாட் பல்கலைக்கழகத்திலிருந்து முன்பின் தெரியாத ஒரு விரிவுரையாளர், எழுதியது நான் என்று நிறுவனத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டு கூப்பிட்டார்: "மேடம், எங்க பிரதியில மட்டும் நாலு விட்டுப்போச்சா, இல்ல எல்லாத்துலயுமா?" அனுப்பி வைத்தேன். மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று பேர். அச்சிட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஜூன் 19

மறுதேர்வு முடிந்தது. 'நிறுவனத்தின் வரும் ஆண்டுகளுக்கான வேலைத் திட்டத்தில் டாக்டர் ஸாகோர்காவின் துறைக்குப் பொருத்தமான தலைப்பு எதுவும் இல்லாமையால்' நீட்டிக்கவில்லை. என் துறை, நிறுவனம் சொல்வது உண்மையா என்று பார்ப்பது. அப்படி ஒரு தலைப்பு அவர்களிடம் இல்லைதான். குழுவின் முடிவில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஸ்ரேதென் என் பெட்டிகளைக் கீழே இறக்க உதவினார். "எனக்கு அக்டோபர்ல ஓய்வு," என்றார். "அதுக்குள்ள இன்னும் ரெண்டு பேரை வெளிய அனுப்புவாங்க, பாத்துக்கங்க. எனக்குப் பெட்டி தூக்கியே முதுகு போயிடும்."

ஜூன் 24

ரூஷா கூப்பிட்டாள். "உன் அண்ணன் உன்கிட்ட பேசமாட்டார். ஆனா பழம் பறிக்க ஆள் கிடைக்கல. நீதான் இப்ப சும்மா இருக்கியே, கிளம்பி வா."

சும்மா இருக்கிறேனாம்! போகிறேன்.

ஜூலை 3, வியாழன்

முதுகு வலி. கையெல்லாம் கீறல். ஒரு வாரமாகப் பறிக்கிறேன். ஏப்ரல் பனியில் தண்டுகள் நுனியிலிருந்து காய்ந்திருக்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் கிளைக்கு ரெண்டு பழம், மூணு பழம். பதினெட்டா? ஒன்பதே வராது. அண்ணன் இரண்டு வரிசை தள்ளிப் பறிக்கிறார். பேச்சில்லை. பெட்டியை வைக்கும் சத்தத்திலேயே என்ன நினைக்கிறார் என்று தெரிகிறது.

ஜூலை 8, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

சாயங்காலம் கிடங்கு வாசலில் டிராக்டர்கள் நீளமாக வரிசை கட்டி நின்றன. வெயில். பெட்டிகளிலிருந்து சாறு சொட்ட ஆரம்பித்திருந்தது. மிலிசாவ் வெளியே வந்தார், கையில் எங்கள் மலர் — அதே தடித்த அட்டை, நடுவில் செருகிய இந்த வருஷ மதிப்பீட்டுத் தாள். முன்விலையை இன்னும் குறைப்பதாகச் சொன்னார்.

கூச்சல். அவர் கையை உயர்த்தினார். "என்மேல எதுக்குப்பா கோபம்? பழம் மிதமிஞ்சிக் கிடக்கு. என் அறையெல்லாம் நிரம்பி வழியுது. சொன்னது நானா? நீங்களே சொன்னீங்க. இதோ: விஷ்னேவா, ஹெக்டேருக்கு சராசரி பதினாறு." என்னைப் பார்த்தார். "டாக்டரம்மாவோட நிறுவனம்தான் போட்டிருக்கு."

"முன்னாள்," என்றேன்.

ரூஷா டிராக்டரிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வழியுறது எந்த அறை, மிலிசாவ் அண்ணே? அந்த மூணாவது அறைக் கதவு திறந்து கிடக்கே, உள்ள ஒரு பூனை சுருண்டு தூங்குதே, அதுவா? குளிர்பதனத்துல பூனை தூங்குமா?"

எல்லோரும் திரும்பினார்கள். பூனையும் எழுந்து பார்த்தது. அந்த அறையின் குளிர்பதனத்தை ஓட்டவே இல்லை. வைக்கப் பழம் இல்லை. முற்றத்தில் ஜெர்மனி லாரிகள் இரண்டு, வெள்ளிக்கிழமையிலிருந்து சரக்குக்காக நிற்பவை.

எனக்குப் புரிந்தது. என்னைச் சுற்றி எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் புரிந்ததை வாய்விட்டுச் சொல்ல ஒருவர், தன் வாயால், ஊர் முன்னால், தன் எண்ணிக்கையை இறக்க வேண்டும். யார்? ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மிலிசாவ் சிரித்தார். அவர் இந்த ஊரில்தான் பிறந்தவர். அவருக்குத் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள்.

அண்ணன் தொப்பியைக் கழற்றினார்.

"எட்டு."

"என்ன எட்டு?" என்றார் மிலிசாவ்.

"எனக்கு இந்த வருஷம் எட்டு டன். போன வருஷம் ஒம்போது." மூச்சு வாங்கினார். "கோப்பை வாங்கின வருஷம் பத்து."

விதோயே வாயைத் திறந்தபடி நின்றார். இத்தனை வருஷமாக அந்தக் கோப்பையைப் பார்த்துத்தான் அவர் உரம் போட்டிருக்கிறார். அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"எட்டா? எனக்கு ஏழு!"

"எனக்கு ஆறு!" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"அஞ்சரை!"

"உனக்கு அஞ்சரைன்னா எனக்கு அஞ்சுடா!"

"நாலு! பனி பூரா என் நிலத்துலதான் விழுந்துச்சு!"

விதோயே சுற்றிலும் பார்த்தார். பின்தங்கிவிட்டது அவருக்கே தெரிந்தது. "மூணு!" என்று கத்தினார். "எழுதிக்கோங்க, விதோயே, மூணு!"

ஆய்வாளராகப் பதிவு செய்கிறேன்: மூன்று, பொய். என் முறையின்படி அது கஃபானா டன்னேதான், கீழ்நோக்கிப் போகிறது. ஆனால் மிலிசாவின் கையில் இருந்த தாளை அது கொன்றுவிட்டது. பதினாறு என்று அவர் மறுபடி வாயைத் திறக்கவில்லை.

"நாளைக்குப் பேசுவோம்," என்றார். "இப்ப இறக்குங்க."

"நாளைக்குப் பேசினா நாளைக்கு இறக்குறோம்," என்றார் அண்ணன்.

"ஓப்ராத், பழம் வீணாயிடும்டா."

"என் பழம். நான் வீணாக்கிக்கிறேன்."

டிராக்டரைத் திருப்பினார். அவருக்குப் பின்னால் விதோயே. பிறகு எல்லோரும். திரும்பும்போது அண்ணன் என்னிடம் பேசினார், மே மாதத்துக்குப் பிறகு முதல்முறை: "ஏறு. சர்க்கரை எவ்வளவு இருக்குன்னு அண்ணியைக் கேளு."

ஜூலை 9

ஊர் முழுக்க ஜாம் வாசனை. கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது. ஒருநாள் உழைப்பு பூராவும் பானையில். யாரும் புலம்பவில்லை. புலம்பினால் மற்றவர் கேட்டுவிடுவாரே.

ஜூலை 12, சனி

பேதுரு திருநாள். மிலிசாவ் முடிவான விலையைச் சொன்னார். முன்விலையைவிட நன்றாகவே அதிகம். போன வருஷத்தை எட்டவில்லை, ஆனால் பக்கத்தில் வந்துவிட்டது. காத்திருந்த லாரிகள் பழத்தோடு கிளம்பிப் போயின. உலகச் சந்தை நாலே நாளில் எப்படி எழுந்து உட்கார்ந்தது என்று அவரிடம் கேட்டேன். "தபால் தாமதமாயிடுச்சு, டாக்டரம்மா," என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

செப்டம்பர் 7

கஃபானாவில் கூட்டம். என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த வருஷம் நாமே கணக்கெடுத்து, நிறுவனத்துக்கு முன்னால் வெளியிடலாம் என்கிறார்கள். நல்லது. ஆனால் எப்படி? கேட்டால் மூன்று என்பார்கள். விலை ஏறிய பிறகு இந்த ஊரில் எல்லோருக்கும் மூன்றுதான் விளைகிறது. மூன்றை நம்பி ஒரு வருஷம் விலை கொடுக்கலாம்; இரண்டாம் வருஷம் மிலிசாவே சிரிப்பார்.

யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து விதோயே, "ஓப்ராத் எட்டுன்னது பொய். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தவன், எனக்குத் தெரியாதா?" என்றார். அண்ணன், "உன் மூணை நான் வந்து எண்ணட்டுமா?" என்றார்.

எண்ணட்டும்.

எண்ணட்டுமே! யாரும் தன் நிலத்தைத் தான் சொல்லக் கூடாது. வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரர் வந்து எண்ணுவார்: தண்டு, தண்டுக்கு எத்தனை கிளை, கிளைக்கு எத்தனை காய். சொந்தக்காரர் கூட நிற்பார். ஒருவர் ஏற்றவிடமாட்டார், இன்னொருவர் இறக்கவிடமாட்டார். இந்தப் பள்ளத்தாக்கில் பெட்ரோல் இல்லாமல் ஓடக்கூடிய ஒரே யந்திரம் அதுதான்.

சொன்னேன். அடுத்தவன் வயலுக்குள் உரிமையோடு நுழையலாம் என்பது மெல்ல உறைத்ததும் எல்லோர் முகமும் மலர்ந்தது.

டிசம்பர் 2

நோவி ஸாட் விரிவுரையாளரின் முயற்சியில் நாலாவது அத்தியாயம் தனிச் சிறு நூலாக வந்திருக்கிறது. முதல் பக்கத்திலேயே 'அத்தியாயம் நான்கு' என்று ஆரம்பிக்கிறது. மாற்ற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். எண்ணிக்கையைத் திருத்த எனக்குப் பிடிக்காது. ஒரு பிரதி வெலிமிருக்கு, அன்புடன், மலரில் செருகிக்கொள்ள.

மே 20

விஷ்னேவா. ஓய்வுபெற்ற ஸ்ரேதென் நேற்றே பேருந்தில் வந்து இறங்கிவிட்டார். வயல் வயலாக ஏறி இறங்குகிறோம். முட்டி வலிக்கிறது என்கிறார், நிற்கமாட்டேன் என்கிறார். கஃபானாக்காரர் வாசலில் நின்று எங்களை முறைத்தார். கணக்கெடுக்கும் நாளில் அவருக்கு ஒரு மேசைகூட நிரம்பவில்லை.

மத்தியானம் அண்ணன் வயல். விதோயே எண்ணினார், கண்ணாடியை இரண்டுமுறை துடைத்துக்கொண்டு. அண்ணன் அவர் பின்னாலேயே. வேலியோரம் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"ஒம்போது," என்றார் விதோயே, மனசே இல்லாமல்.

அண்ணன் மூன்றாவது வரிசைக்குத் திரும்பிப் போனார். குனிந்து ஒரு தண்டைப் பிடித்து ஆட்டினார். அது கையோடு வந்தது.

"எட்டரை. காஞ்சதையும் சேர்த்து எண்ணியிருக்கடா நீ."

எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னார். எட்டரை என்று எழுதிக்கொண்டேன். விதோயே ஒத்துக்கொள்ளாமல் முதல் வரிசையிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தார்.